ஒரு பென்சில் கனம்

வார்ப்பிரும்பு பெரிய சத்தம் போட்டு உடையாது. அப்பளம் ஒடிவது போல ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். அழகேசன் அதைக் கேட்டான். கேட்ட பிறகும், ஓங்கிய சுத்தியலை ஒருமுறை இறக்கிவிட்டுத்தான் நிறுத்தினான்.

சாவித்திரியின் தையல் மெஷின் ஸ்டாண்டு அது. இரண்டு பக்கமும் இரண்டு கால் சட்டங்கள், நடுவே மிதி. சட்டங்கள் முழுக்கக் கொடியும் பூவுமாகப் புடைப்பு வேலை. அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கோ கடல் தாண்டி வார்த்தது. கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டில் கழித்துப் போட்டதை வாங்கி, முப்பது வருடமாக அதில்தான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மகன் ஸ்ரீராம் வானகரத்தில் ஃபிளாட் வாங்கியபோது, லாரியில் மற்ற சாமான்களை ஏற்றிவிட்டு இதை மட்டும் தன்னோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவள்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் அழகேசன் பழைய வார்ப்புகளுக்கு வண்ணம் தீட்டிவந்தான். முதலில் பைக் டேங்குகளுக்கு ஸ்பிரே அடித்தவன். ஒருமுறை யாரோ பழைய ஃபேன் ஒன்றைக் கொண்டுவர, அதிலிருந்து தராசு, படிக்கட்டுக் கம்பி, கேட்டு என்று வேலை மாறிவிட்டது. வாங்கிப்போகிறவர்கள் பெரும்பாலும் ஹாலில் அலங்காரமாக வைப்பார்கள். சாவித்திரி அப்படி வரவில்லை.

"இது ஓடணும் தம்பி. ஓடுறதுக்குத்தான் கொண்டுவந்திருக்கேன்" என்றாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். இதக் கழிச்சுட்டு மோட்டார் மெஷின் வாங்கிக்கங்கன்னாங்க. ஒருத்தர் குனிஞ்சுகூடப் பாக்கல."

அழகேசன் குனிந்து பார்த்தான். துருவுக்கு அடியில் ஒரு பூவின் இதழை விரல்நுனியால் தடவினான்.

"இன்னா வேலைம்மா இது! இன்னிக்கு எவன் செய்வான்?"

"அப்ப செஞ்சிடுவீங்க."

"செஞ்சிடலாம்மா. பளபளன்னு ஆக்கிக் குடுக்கிறேன்."

"பளபளன்னு வேண்டாம். அதுக்கு வயசாச்சு. வயசுக்குத் தகுந்த மாதிரி இருந்தாப் போதும்."

மிதியைத் தாங்கும் குறுக்குக் கம்பியின் போல்ட்டு ஒன்று இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் தானாக இளகியிருக்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவன் அவன். வார்ப்பைச் சுட வைக்காதே, சுட்டதில் தண்ணீர் படவிடாதே என்பதும் அவன் சொல்வதுதான். அன்று ஏனோ கை பரபரத்தது. பர்னரை வைத்துச் சூடேற்றினான். ஈரச் சாக்கைப் போட்டு ஆற்றினான். சுத்தியலை எடுத்தான். இடது சட்டம் மூன்று துண்டானது.

அன்று மாலையே சாவித்திரி போன் செய்தாள்.

"கழட்டிட்டீங்களா தம்பி?"

"கழட்டிட்டேம்மா."

"நல்லா இருக்கா?"

துண்டுகள் அவன் காலடியில் கிடந்தன.

"நல்லா கீதும்மா" என்றான்.

பிறகு யோசித்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். உடைத்ததைச் சொல்லிவிடலாம். உடைத்ததையும், உடையவில்லை என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்வது வேறு வேலை.

பாஸ்கரன் இரண்டு தெரு தள்ளிச் சின்ன வார்ப்புப் பட்டறை வைத்திருந்தான். பம்ப் மூடிகளும் கப்பிகளும் வார்ப்பவன். அழகேசனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். துண்டுகளைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"வெல்டு வச்சுக்க மாமே."

"தழும்பு தெரியும்."

"தெரிஞ்சா இன்னா? அதும் மேல அடிக்கத்தான நீ கீற."

"மெதி ஓடுற எடம்டா. ஆட்டம் தாங்காது, மறுக்கா உட்டுக்கும்." அழகேசன் துண்டுகளைத் தரையில் பொருத்திக் காட்டினான். "ஒட்டிக் குடுக்கிறேன். மண்ல அமுக்கி அச்சு எடு. புச்சா ஒண்ணு வாத்துடு."

"அந்தம்மாகைல சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"சொல்லணுமா, சொல்லிட்டியா?"

"நீ வாத்துக் குடு மாமே. நீ இன்னா அவங்க ஊட்டு வக்கீலா?"

பாஸ்கரன் சிரித்தான். வார்த்தும் கொடுத்தான்.

புது வார்ப்பு சாம்பல் நிறத்தில், மணல் பொருக்குகளோடு வந்தது. பூவின் விளிம்புகள் ஒரு பக்கம் மழுங்கியும் ஒரு பக்கம் கத்தி போலவும் இருந்தன. அழகேசன் அதை அரத்தால் ராவினான். எங்கே ராவுவது என்று வலது சட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான். பல வருடம் புடவை உரசிய இடம், முழங்கால் இடித்த இடம், துடைக்கிறவள் கை எட்டாத இடம். உப்புத் தண்ணீர் தெளித்து மொட்டை வெயிலில் போட்டுத் துரு ஏற்றினான். ஏறிய துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்தான். சொறி சொறியாகப் பள்ளம் விழுந்தது. அதுதான் வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு சட்டங்களுக்கும் ஒன்றாகக் கறுப்பு அடித்தான். கறுப்பு காய்ந்ததும் பொன் நிறம். பொன்னைத் தாராளமாக வைத்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடும். தூரிகையைப் பொன்னில் நனைத்து, நனைத்ததையெல்லாம் பழந்துணியில் துடைத்துவிட்டு, துடைத்தும் போகாமல் மயிர்நுனியில் நிற்பதைக் கொண்டு மேட்டின் மேல் படுத்தவாக்கில் போக வேண்டும். மேடு தொடும், பள்ளம் தொடாது. அதன் மேல் கறுப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த பெயின்டை ஊற்றி, காய்வதற்குள் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பள்ளத்தில் அழுக்கு தங்கும். மேட்டில் பொன் மங்கும். பொன் எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடக் கூடாது.

வேலை முடிந்து இரண்டையும் சுவரில் சாய்த்துவைத்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது எது பழையது என்று அவனுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தான், எடையிலும் தெரியவில்லை. சிரித்தான். அவன் அதுவரை செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். அந்தச் சிரிப்பு பிற்பாடு அவனுக்கு அடிக்கடி நினைவில் வந்தது.

பூட்டும்போதுதான் தெரிந்தது. துளைகள் துளைகளோடு சேரவில்லை. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான். இடது சட்டம் ஒரு பென்சில் கனம் குட்டையாக இருந்தது.

பாஸ்கரனிடம் ஓடினான்.

"இன்னாடா வாத்துக் குடுத்த? குட்டையா கீது."

"குட்டையாத்தான் இருக்கும். இரும்பு ஆறுனா சுருங்கும் மாமே. அதுக்குத்தான் அச்சுக்கு மரக்கட்ட செய்றவன் கொஞ்சம் கூட்டி வச்சு செய்வான். நீ ஒடைஞ்சதையே கட்டையா குடுத்த."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா? ஊருக்கே சொல்லாம பண்ற வேலை, எங்கைல மட்டும் எல்லாம் சொல்லணுமா?"

"சரி, அந்தத் துண்டக் குடு. மறுபடி கூட்டி வச்சு எடுப்போம்."

"தோ." பாஸ்கரன் உலையைக் காட்டினான். "அன்னிக்கே உள்ள போட்டுட்டேன். இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சுக்கினு கீற? இரும்பு இரும்பாத்தான ஆவுது."

அழகேசன் துளைகளை அரத்தால் இழுத்து நீளமாக்கிப் பூட்டினான். குட்டைக் காலின் அடியில் ரப்பர் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டி, அதற்கும் கறுப்பு அடித்தான். ஸ்டாண்டு மட்டமாக நின்றது.

வானகரத்தில் கொண்டுபோய் இறக்கிய அன்று சாவித்திரி ஸ்டாண்டைச் சுற்றிவந்து பார்த்தாள். மெஷினை ஏற்றிப் பூட்டி, பெல்ட்டை மாட்டி, உட்கார்ந்து மிதித்தாள். ஓடியது.

"கொஞ்சம் கனமா இருக்கு. முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

"புது கிரீஸும்மா. ஓடி ஓடி சரியாய்டும்."

"எனக்கும் காலு முன்ன மாதிரி இல்ல, அதான் போல."

 அடுத்த வாரம், அந்த மெஷினில் முதலில் தைத்ததை ஸ்ரீராமிடம் அவனுக்குக் கொடுத்தனுப்பினாள். தூரிகைகள் வைக்கும் உறை. ஷெட்டில் பார்த்த தூரிகைகளின் அளவுக்குத் தக்கபடி ஏழெட்டு அறைகள், சுருட்டிக் கட்ட நாடா. அழகேசன் அதை ஆணியில் மாட்டிவைத்தான். ஒரு தூரிகையைக்கூட அதில் செருகவில்லை.

தீபாவளிக்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை, ஸ்ரீராமின் மனைவி வர்ஷா ஷெட்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இங்க வந்தது அத்தைக்குத் தெரியக் கூடாது."

"இன்னாம்மா? உள்ள வா."

"ஸ்டாண்ட நான் உடைச்சிட்டேண்ணா."

அழகேசன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

வீடு துடைக்கும்போது ஸ்டாண்டை இழுத்திருக்கிறாள். தூக்க முடியவில்லை, இழுத்தாள். இடது கால் கிரீச்சென்றது. அப்போதிருந்து ஸ்டாண்டு ஆடுகிறது. மிதித்தால் ஒரு பக்கம் இறங்கி ஏறுகிறது, நூல் அறுகிறது.

"கால் தேஞ்சு போச்சோ, வளைஞ்சு போச்சோ, எனக்குத் தெரியலண்ணா. யூடியூப்ல எல்லாம் பாத்துட்டேன்."

"கீழ ரப்பர் மாதிரி எதுனா வந்துச்சா?"

"கறுப்பா ஒண்ணு கிடந்துச்சு. பாட்டில் மூடின்னு பெருக்கிப் போட்டேன். அதுவா?"

அவன் துணியை மறுபடி கையில் எடுத்தான். "திட்டுனாங்களா?" என்று கேட்டான்.

"திட்டினா பரவாயில்லையே! அவங்க அப்ப வீட்லயே இல்ல. வந்ததும் நானேதான் சொன்னேன். 'பரவாயில்லம்மா, பழசுதானே'ன்னாங்க. அதோட மெஷின் மேல ஒரு பெட்ஷீட்டப் போட்டு மூடிட்டாங்க. பக்கத்து பிளாக்ல ஒருத்தங்க ரவிக்கைத் துணி கொண்டுவந்தாங்க. 'இனிமே தைக்கிறதில்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் அங்கயே உக்காந்திருக்கேன்." வர்ஷா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அத்தை திருவேற்காடு கோயிலுக்குப் போவாங்க. அப்ப வந்து சரிபண்ணிக் குடுத்துடுங்கண்ணா. ப்ளீஸ்."

அவளுக்குப் பின்னால் ஆணியில் அந்த உறை தொங்கிக்கொண்டிருந்தது. அழகேசன் வருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமைவரை அவனுக்கு எதிலும் கை போகவில்லை. ஒரு கேட்டின் ஈட்டிமுனைகளுக்குப் பொன் வைத்தான், மேடு பள்ளம் பாராமல் எல்லாவற்றிலும் பட்டுவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சின்ன வேலை, ரப்பர் ஒன்று ஒட்டினால் போதும், அந்தப் பெண்ணுக்கும் நிம்மதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சரியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே சரியில்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை போனான். வர்ஷா லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். பெட்ஷீட்டை விலக்கி, ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். அழகேசன் தரையில் குப்புறப் படுத்து, கெட்டியான ரப்பரை உள்ளே தள்ளி, இந்தத் தடவை ஸ்குரூ போட்டு இறுக்கினான். எழுந்து ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

வர்ஷா உட்கார்ந்து மிதித்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. இருந்தாலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, அண்ணா! அவ்ளோதானா? நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? ராத்திரி தூக்கமே இல்ல. அவங்களோட பொருள்ல நான் கைய வச்சதே அது ஒண்ணுதான், அதுவும் இப்படி ஆயிடுச்சேன்னு. இருங்க, காபி போடறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அவள் அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.

"நீ ஒடைக்கலம்மா" என்றான் அழகேசன்.

"என்னண்ணா?"

"நீ இல்ல. நான்தான்."

நின்றபடியே சொன்னான். சூடேற்றியது, சாக்கு போட்டது, புதிதாக வார்த்தது, குட்டையாகப் போனது, ரப்பர் வைத்தது. சொல்லும்போது எல்லாமே சின்னதாகவும் மடத்தனமாகவும் கேட்டது. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். அவள் முகத்தில் ஆறுதல் இல்லை.

"சனிக்கிழமை உங்க கடையில அழுதேனே, அப்பவே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சுகிட்டு, 'திட்டுனாங்களா'ன்னு கேட்டீங்க."

அவன் கீழே பார்த்தான்.

"இன்னிக்கும் ஒட்டிட்டுப் போயிருப்பீங்க."

"போலாம்னுதான் வந்தேன்."

வர்ஷா அடுப்பங்கரைக்குப் போகவில்லை. "அத்தை வர்ற வரைக்கும் இருங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். லேப்டாப்பைத் திறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். காபி வரவில்லை. மேலே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அழகேசன் சோபாவில் உட்காராமல் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான்.

சாவித்திரி நெற்றியில் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக வந்தாள். திறந்து கிடந்த மெஷினைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கவில்லை. போனில் 'நல்லா கீது' என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். அவள் எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டாண்டுக்கு முன் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். வலது சட்டத்தின் பூவைத் தடவினாள். இடது சட்டத்தின் பூவைத் தடவினாள். மறுபடி வலது.

"எது புதுசு?"

அவன் காட்டினான்.

அவள் அதையே உற்றுப் பார்த்தாள். முப்பது வருடம் முழங்கால் பட்ட இடத்தில் பொன் மங்கியிருந்தது. அந்த மங்கலையும் அவன்தான் வைத்திருந்தான்.

"தெரியவே இல்லையே" என்றாள். அது பாராட்டு இல்லை. "பழசு எங்க?"

"ஒலைல போட்டுட்டாங்கம்மா."

"துண்டுகூட இல்லையா?"

"இல்லம்மா. ஒருவேள இதுலயே கலந்திருக்கும். இரும்பு…" நிறுத்திக்கொண்டான்.

"அன்னிக்கு சாயந்தரமே போன்ல கேட்டேன். நல்லா இருக்கான்னு."

"கேட்டீங்கம்மா."

"அப்பச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? உடைஞ்சத ஒட்டிக்குடுங்கன்னு வாங்கிட்டு வந்திருப்பேன். தழும்போட இருந்துட்டுப் போகுது." அவள் எழுந்திருக்கக் கையூன்றினாள். வர்ஷா வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாள். சாவித்திரி அந்தக் கையை விடவில்லை. "இவ வந்ததும் வராததுமாச் சொன்னா. எனக்குத்தான் மனசு ஆறல. இவகிட்ட முகம் குடுத்துப் பேசல நான்."

"அத்தை, விடுங்க."

"விடுறதா? நல்லாருக்கு."

அழகேசன் கைகளைக் கட்டியபடி நின்றான். "வேற கால் வாத்துத் தரேம்மா. அளவு கூட்டி வச்சு, சரியா. ரப்பர் இல்லாம நிக்கும்."

"வேண்டாம். இன்னொண்ணு எதுக்கு? இது நிக்குதில்ல, நிக்கட்டும். ஆனா பழசு மாதிரி நிக்க வேண்டாம். அந்தக் கால்ல இருக்கிற வேஷத்தை எடுத்துடுங்க."

"இன்னாம்மா?"

"பொன்னு, கறுப்பு எல்லாத்தையும். வெறும் இரும்பாக்கிடுங்க. உக்காரும்போது எனக்குத் தெரியணும், எது எதுன்னு."

"சரிம்மா. கழட்டிக்கினு போயி நாளைக்கே…"

"வெளிய அனுப்ப மாட்டேன் தம்பி. இங்கயே எடுங்க. என் கண்ணு முன்னாடி."

அவன் கீழே ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பெயின்ட் ரிமூவரும் கம்பி பிரஷும் வாங்கிவந்தான். பால்கனியில் பேப்பர் விரித்து இடது சட்டத்தை மட்டும் கழற்றிவைத்தான். நெடி தாங்காமல் வர்ஷா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். மருந்து பட்டதும் வண்ணம் கொப்புளித்து எழும்பியது. பொன்னும் கறுப்பும் பழுப்பும் ஒன்றாகச் சுருண்டு, சேறு மாதிரி சட்டத்திலிருந்து வழிந்தது. கீழே சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. அதில் அவனுடைய அரத்தின் கீறல்களும் அவன் ஏற்றிய துருவின் சொறியும் அப்படியே இருந்தன. வண்ணம் போன பிறகு அவை வயசு மாதிரி தெரியவில்லை. யாரோ வேலை மெனக்கெட்டுக் கெடுத்துவைத்தது மாதிரி தெரிந்தன.

சாவித்திரி நாற்காலியைப் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு இன்னும் சீக்கிரம் கை ஓடியிருக்கும்.

பூவின் நடுவில் ஐந்து இதழ்கள் சேரும் இடத்துக்கு வந்தான். அந்த இடத்தில்தான் பொன் எங்கே முடிகிறதென்று தெரியாது. அவன் மற்ற எல்லா இடத்தையும் இரண்டாம் முறை துடைத்தான். பிரஷைத் தட்டி உதறினான். மூடியை எடுத்து டப்பாவை மூடப் போனான்.

"அந்தப் பூவுல இன்னும் இருக்கு" என்றாள் சாவித்திரி.

இருந்தது. அழகேசன் மூடியைக் கீழே வைத்துவிட்டு, பிரஷை மருந்தில் தோய்த்தான்.